பொங்கலுக்கு வரும் கிறிஸ்துமஸ் தாத்தா

அண்ணா,

கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்துருண்டை வாசனை போக மாட்டேன் என்கிறது. உங்கள் சிவப்பு அங்கியை இன்று காலையில் பையிலிருந்து எடுத்து உதறினேன். வீடு முழுக்க அந்த வாசனை. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீங்கள் கூடத்தில் வந்து நின்று, "இன்னாடா, ரெடியா?" என்று கேட்டது போல இருந்தது. போனவர்களை நினைக்க ஊரில் மற்றவர்களுக்கு மல்லிகை, பன்னீர், சாம்பிராணி என்று எத்தனையோ இருக்கிறது. உங்களை நினைக்க எனக்கு வாய்த்தது அந்துருண்டை.

இன்று பொங்கல். சாப்பிட்டு எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் தண்ணீர் லாரி ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என் அறிவைத் தாங்க முடியாமல் என்னை வெளியே அனுப்பிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தால் காலேஜ் வாத்தியார்கள் ஓரமாகத் தள்ளி உட்கார வேண்டியதுதான். லாரி விஷயத்திலும் அப்படித்தான். என் லாரி ஒரு நாள் போகவில்லை என்றால் மேடவாக்கத்து அப்பார்ட்மெண்டுகளில் பாதிப் பேர் பல் தேய்க்காமல் ஆபீசுக்குப் போவார்கள்.

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது. தை முதல் தேதி எங்கள் வாசலில் வந்து நின்று, அம்மாவிடம் அந்தத் தகரக் குரங்கை இனி யார் கேட்பது? கேட்க வேண்டியவர் வந்து கேட்காவிட்டால் அம்மா தர மாட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படித் தந்ததில்லை.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் முழுசாக ஒரு தடவை சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். நான் இதை யாரிடம் சொன்னாலும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவீர்கள். நான் கொஞ்சம் ஏற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் மோவாயைச் சொறிந்துகொள்வீர்கள். இன்றைக்கு மோவாய் சொறிய ஆள் இல்லாததால் தாராளமாகவே சொல்கிறேன்.

அப்போது மாடம்பாக்கத்தில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். எங்களுக்கு வயலும் மாடும். உங்கள் அப்பாவுக்கு ரயில்வே வேலை. நீங்களும் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தீர்கள். உங்களுக்கு மீசை முளைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு ட்ரவுசர் இடுப்பில் நிற்காத வயசு.

டிசம்பர் வந்தால் உங்கள் சர்ச் ஆட்கள் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். முன்னால் டிரம், நடுவில் பாட்டு, கடைசியில் ஆடிக்கொண்டே கிறிஸ்துமஸ் தாத்தா. அவரவர் பிள்ளைக்கு வாங்கிய பொம்மையைப் பெற்றவர்கள் பேர் எழுதி முன்னாலேயே ரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள். தாத்தா மூட்டைக்குள் கையை விட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்தத் தாத்தா முகமூடிக்குள் இருந்தது நீங்கள். உங்கள் செருப்பை வைத்தே நான் கண்டுபிடித்துவிட்டேன். தாம்பரத்திலேயே அந்த வயசில் அப்படியொரு மூளை யாருக்கும் இருந்திருக்காது. ஆனால் கேரல் கூட்டம் உங்கள் வீட்டோடு திரும்பிவிடும். எனக்கு வேலி இடுக்கு வழியாக ஒரு ஆரஞ்சு மிட்டாய் வரும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் தாத்தா எங்கள் வீட்டுக்கும் வருவார், எனக்கென்று தனியாகக் கொண்டு வருவார் என்று. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்து உங்களிடம் சொல்ல ஓடிவந்தேன். நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னான்னு சொன்ன?"

"எனக்கு ஸ்பெஷலா கொண்டாருவாருன்னு."

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானாதான் சொன்னேன்."

நீங்கள் சிரிக்கவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சரி, சொன்னது சொல்லிட்ட. சொன்ன சொல்ல காப்பாத்த வேணாமா. வுடு, பாத்துக்கலாம்" என்றீர்கள். வாயை விட்டவன் நான். காப்பாற்றும் பொறுப்பு உங்களுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கேரல் கூட்டம் வேலியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. மாடுகள் எழுந்து நின்றுவிட்டன. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், சாமி ஊர்வலம் வந்தால் கட்டிக்கொள்வது போல. தாத்தா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கலர் காகிதம் சுற்றிய பெட்டியை என் கையில் வைத்தார்.

உள்ளே குரங்கு. தகரக் குரங்கு. சிவப்புக் குல்லாய், மஞ்சள் கால்சட்டை, மடியில் ஒரு மேளம், இரண்டு கையிலும் குச்சி, முதுகில் சாவி. சாவி கொடுத்தால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு டமடமவென்று அடிக்கும். அடிக்கிற அதிர்விலேயே நகர்ந்தும் போகும். மூர் மார்க்கெட்டில் வாங்கினேன் என்று பின்னாளில் சொன்னீர்கள். நான் எல்லாரிடமும் ஜப்பானில் செய்தது என்றுதான் சொல்லி வருகிறேன். அடியில் ஏதோ எழுதியிருந்தது. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தபோது எழுத்து அழிந்துவிட்டது. ஆக, ஜப்பான்தான். சத்தம் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. ரயில் புறப்படுகிறதென்று ஆட்கள் படியேறி ஓடினார்கள்.

என் சந்தோஷம் ஒரே ஒரு சாவிக்குத்தான் நீடித்தது. கூடத்தில் வைத்துச் சாவி கொடுத்தேன். குரங்கு அடித்துக்கொண்டே நகர்ந்தது. தூணைச் சுற்றியது. அரிசி மூட்டையைத் தாண்டியது. நேராகப் போய், சுவரில் சாமி படம் வைத்திருந்த மாடத்துக்குக் கீழே நின்றது. அங்கே சாவி தீர்ந்துவிட்டது. கடைசியாக ஒரு குச்சி மட்டும் உயர்ந்து, கும்பிடுகிற மாதிரி நெஞ்சுக்கு நேராக நின்றுபோனது.

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"பாத்தியாடா. அவரே வந்து நின்னுட்டாரு."

"யாரும்மா?"

"ஆஞ்சநேயரு."

"அம்மா, அது பொம்மைமா. தாத்தா குடுத்தாரு."

"உனக்குப் பொம்மை. வந்தவருக்குத் தெரியும் தான் யாருன்னு."

மார்கழி மாசம். அந்த வாரமே அனுமன் ஜெயந்தி. அதற்கு மேல் அம்மாவுக்கு என்ன சாட்சி வேண்டும்? குரங்கைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மாடத்தில் ஏற்றிவிட்டாள். அனுமன் ஜெயந்தி அன்று சுண்டைக்காய் அளவில் வடை தட்டி மாலை கோத்துப் போட்டாள். தினமும் கற்பூரம் காட்டும்போது மணி அடிப்பதற்குப் பதிலாகச் சாவி கொடுத்தாள். அவர் மேளம் அடிப்பார். நான் கீழே நின்று கையைக் கூப்பிக்கொண்டிருப்பேன். தன் பொம்மையைத் தானே கும்பிட்டுக்கொண்டு நின்ற பிள்ளை செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. எங்கேடா உன் ஸ்பெஷல் என்றார்கள். சாமி மாடத்தில் இருக்கிறது, தொடக் கூடாது என்றேன். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பிய பயல்கள் அந்த ஒரு நிஜத்தை மட்டும் நம்பவில்லை.

மறுபடியும் வேலி. மறுபடியும் நீங்கள். இந்தத் தடவை நேராக அம்மாவிடமே வந்தீர்கள். ஷெட்டிலிருந்து திரும்பிய எண்ணெய்க் கையோடு, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டீர்கள்.

"அம்மா, அது வெளையாட்டு சாமான்மா. சாவி குடுத்தா ஆடும், அவ்ளோதான். புள்ளைகிட்ட குடுத்துடுங்களேன்."

"நீ இன்னாபா நடுவுல? நீயா குடுத்த?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். ஆமாம் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை.

"நான் இல்லம்மா. தாத்தா குடுத்தாரு."

"அப்ப அவரு வந்து கேக்கட்டும். குடுத்தவரு கேட்டா நான் தரமாட்டேன்னா சொல்லப்போறேன்?"

வேலியைத் தாண்டும்போது என் காதில் சொன்னீர்கள்: "ஒங்கம்மா கெட்டிடா."

தை பிறந்தது. வாசலில் பானை ஏற்றி, மஞ்சள் கொத்துக் கட்டி, எல்லாரும் பொங்கட்டும் என்று காத்திருக்கிறோம். தெருக்கோடியில் நாய்கள் குரைத்தன. திரும்பிப் பார்த்தால் பட்டப்பகலில், பொங்கல் வெயிலில், சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா நடந்து வருகிறார். கிறிஸ்துமஸ் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. கரும்பு தின்றுகொண்டிருந்த ஆட்கள் கரும்பை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள்.

எங்கள் மாடு சிவப்பைப் பார்த்துக் கயிற்றை அறுத்துக்கொண்டது. நான் சொல்லும்போது அது உங்களை மாடம்பாக்கம் கோயில் குளம் வரைக்கும் துரத்தியது. நீங்கள் ஒரே தாவலில் மதில்மேல் ஏறினீர்கள். தாடி மட்டும் கொம்பில் மாட்டிக்கொண்டது. நீங்கள் சொல்லும்போது மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வைக்கோலைத் தின்றது. இரண்டில் எது நிஜம் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், நீங்கள் என்னைக் காட்டி, "அவன் சொல்றதுதான் நல்லா கீது" என்பீர்கள்.

இதில் மட்டும் நம் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை: நீங்கள் அம்மா முன்னால் வந்து நின்ற அதே நொடியில் பானை பொங்கியது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். முகமூடிக்குள்ளிருந்து நீங்களும் "பொங்கலோ பொங்கல்" என்றீர்கள். பிறகு அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னீர்கள்.

"மார்கழி முடிஞ்சிடுச்சிம்மா. அவர எறக்கி வுடுங்க, வெளையாடட்டும்."

அது பொம்மை என்று நீங்கள் சொல்லவில்லை. அது சாமி இல்லை என்றும் சொல்லவில்லை. மாசம் முடிந்தது என்று மட்டும் சொன்னீர்கள். நான் பிற்காலத்தில் எத்தனையோ பஞ்சாயத்துப் பேசியிருக்கிறேன். ஏரித் தண்ணீர் சண்டையை ஒரே டீயில் தீர்த்து வைத்தவன் நான். ஆனால் யாரையும் தோற்கடிக்காமல் ஒரு பஞ்சாயத்தை முடிக்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

அம்மா யோசித்தாள். உள்ளே போனாள். சந்தனப் பொட்டைத் துடைத்துவிட்டுக் குரங்கைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தாள். நீங்கள் என் கையில் கொடுத்தீர்கள்.

"அடுத்த மார்கழிக்கு மேல ஏறிடுவாரு. தை பொறந்தா நீங்களே வந்து கேட்டுத்தான் எறக்கணும். வேற யாரு கேட்டாலும் தரமாட்டேன்" என்றாள்.

தாத்தா தலையாட்டினார்.

தலையாட்டினது சரி, அண்ணா. ஆனால் எவ்வளவு பெரிய தலையாட்டல் அது. மார்கழி முதல் தேதி குரங்கு மாடத்தில் ஏறும். தை முதல் தேதி நீங்கள் வந்து இறக்குவீர்கள். எனக்கு மீசை வந்தது, வந்தீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆனது. புது மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். விழுப்புரத்துக்கு மாற்றல் ஆனபோது பொங்கல் கூட்டத்தில் ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஸ்டேஷன் குழாயடியில் முகம் கழுவி, அங்கேயே தாடி கட்டிக்கொண்டு வந்தீர்கள். குரங்கின் சுருள்வில் உடைந்தபோது ஒரு பழைய டைம்பீஸிலிருந்து வேறு வில் போட்டுக் கொடுத்தீர்கள். அதிலிருந்து அது முன்னைவிட வேகமாக, சம்பளம் உயர்ந்த மேளக்காரன் மாதிரி அடிக்க ஆரம்பித்தது.

என் மனைவி புதுசாக வந்த வருஷம் வாசலில் உங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"ஏங்க, உங்க வூட்ல பொங்கலுக்கு இவரா வருவாரு?"

"பின்ன? உங்க வூட்ல யாரு வருவாங்க?" என்று கேட்டேன்.

வயல் போய் மனையானது, மனை போய் அடுக்குமாடியானது. எங்கள் வீடு மட்டும் நடுவில் ஒற்றைப் பல் போல நின்றது. எதிர் அப்பார்ட்மெண்டில் ஒரு ஐடி தம்பி பால்கனியிலிருந்து போனில் உங்களை வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டானே, நினைவிருக்கிறதா?

"அங்கிள், கிறிஸ்துமஸ் போன மாசமே முடிஞ்சிடுச்சு."

"எனக்கு இப்பதான்பா டூட்டி முடியுது" என்றீர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஒரு தடவை கேட்டேன்: "அண்ணா, உள்ள இருக்கிறது நீங்கதான்னு எங்கம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?" எனக்கு அது பெரிய கேள்வி. எத்தனையோ வருஷம் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு தாத்தாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதை நிறுத்திவிட்டாள். "அவருக்கு வெண்பொங்கல் குடு, வயசாயிடுச்சி இல்ல" என்பாள். அது தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா? நீங்கள் அங்கியை மடித்துக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. கதவத் தொறக்கறாங்க இல்ல, அது போதும்."

சர்க்கரை உங்கள் கால் விரலை எடுத்தது. போன பொங்கலுக்கு வாசல் கேட்டிலிருந்து படி வரைக்கும் காலை இழுத்து இழுத்து நீங்கள் வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, நீங்கள் வந்து சேரும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவும் இல்லை, எழுந்து வந்து கைகொடுக்கவும் இல்லை. தாத்தா நடந்து வருவதற்கு உண்டான மரியாதையை அவருக்கு விட்டுவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு உங்களைக் கொண்டுபோய் விடும்போது சொன்னேன்: "அடுத்த வருஷம் நான் போட்டுக்கறேன் அண்ணா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"உன்னால முடியாது."

"ஏன் முடியாது? என் உசரத்துக்கும் பர்சனாலிட்டிக்கும்..."

"தாத்தா ஒரு வார்த்தைதான் பேசணும். நீ கேட்லயே ஆரம்பிச்சிடுவ."

சிரித்தோம். அதுதான் உங்கள் கடைசிப் பொங்கல் என்று அந்தச் சிரிப்புக்குத் தெரியாது.

உங்களைக் கிடத்தியிருந்தபோது அம்மா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உங்கள் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்ல புள்ள, ரொம்ப நல்ல புள்ள" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பிறகு உங்களைப் பற்றிப் பேசவே இல்லை. மார்கழி முதல் தேதி, நான் சொல்லாமலேயே, நாற்காலியைப் பிடித்து எழுந்து குரங்குக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாடத்தில் ஏற்றினாள். போகிக்கு முந்தின நாள் கேட்டாள்.

"தாத்தா வருவாரு இல்ல?"

வாயே மூலதனமாகப் பிழைத்தவன் நான். அந்தக் கேள்விக்கு என் வாயில் ஒரு சொல் வரவில்லை. வருவார் என்றால் நீங்கள் போனதை மறைக்கிறவன் ஆவேன். வரமாட்டார் என்றால் அந்தக் குரங்கு இனி இறங்காது. அம்மாவுக்கு மார்கழியும் முடியாது. லாரி ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

போகி அன்று காலையில் தெருவெல்லாம் பழைய பாய் எரிகிற புகை. அண்ணி அதற்குள்ளிருந்து ஒரு கட்டைப்பையோடு வந்தார்கள்.

"ஊர்ல எல்லாரும் பழச கொளுத்தறாங்க. இது ஒண்ணு வூட்ல கீது. கொளுத்தறதா, உங்ககிட்ட தர்றதா?"

உள்ளே அங்கி, முகமூடி, தாடி. அந்துருண்டை.

"அவரு ஏதாவது சொன்னாராண்ணி?"

"ஆஸ்பத்திரில சொன்னாரு. 'அவன்கிட்ட குடு, வாய மூடிக்கினு போகச் சொல்லு'ன்னு."

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புகை கண்ணுக்கு ஆவல" என்றார்கள்.

இன்று காலையில் அங்கியை மாட்டினேன். உங்கள் உடம்புக்குத் தைத்தது. என் வயிற்றுக்கு முன்னால் பட்டன்கள் வேலை செய்ய மறுத்துவிட்டன. என் மனைவி ஊக்குக் குத்தினாள். முகமூடி ரப்பர் போயிருந்தது, கைக்குட்டையால் கட்டினாள். புழக்கடை வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். நாய்கள் குரைத்தன. எதிர் பால்கனியில் அந்த ஐடி தம்பி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது. இந்தத் தடவை போனை எடுக்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

முகமூடிக்குள் நான் பார்த்த உலகம் இரண்டு ஓட்டை அளவுதான். இவ்வளவு வருஷமும் இந்த இரண்டு ஓட்டை வழியாகத்தானா எங்கள் வீட்டைப் பார்த்தீர்கள்? ஓட்டைக்குள் அம்மா மட்டும் தெரிந்தாள். படியருகே பிளாஸ்டிக் நாற்காலியில், புதுப் புடவையில், குளித்த தலையோடு. என் நெஞ்சு அடித்ததைக் கேட்டிருந்தால் உங்கள் குரங்கு மேளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கும். இது ஏற்றிச் சொன்னது இல்லை.

போய் நின்றேன். பானை இன்னும் பொங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"மார்கழி முடிஞ்சிடுச்சிம்மா. அவர எறக்கி வுடுங்க, வெளையாடட்டும்."

அம்மா தலையை நிமிர்த்தினாள். புரை விழுந்த கண்ணால் என் முகமூடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தாழ்த்தி என் காலைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டிலிருந்து படிவரைக்கும் நான் என் பாட்டுக்கு நேராக, திடுதிடுவென்று நடந்து வந்துவிட்டேன். நொண்ட மறந்துவிட்டேன், அண்ணா.

"போன வருஷம் கால இழுத்துக்கினு வந்தீங்களே," என்றாள் அம்மா. "இப்ப கால் நல்லாயிடுச்சா?"

நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். சாதாரணமாக இப்படி ஒரு இடம் கிடைத்திருந்தால் கேரளா வைத்தியர், மூலிகை எண்ணெய், கனவில் வந்த சாமியார் என்று ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன்.

"நல்லாயிடுச்சிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா தலையாட்டினாள். உங்கள் முகத்தைத் தடவின அதே கையால் என் அங்கியின் கையை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டாள். என் மனைவியைக் கூப்பிட்டாள்.

"தாத்தாவுக்கு இந்த வருஷம் சக்கரப் பொங்கலே வை. இனிமே அது அவர ஒண்ணும் பண்ணாது."

அப்படிச் சொல்லிவிட்டுத் தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் குரங்கைக் கொண்டுவந்தாள். பொட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். இந்தப் பக்கம் பானை பொங்கியது. யாரோ "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். சாவி கொடுத்தேன். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, நீங்கள் போட்ட டைம்பீஸ் வில்லில் அடித்துத் தள்ளியது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

முகமூடியை மூக்குக்கு மேலே தூக்காமல் சாப்பிட்டேன். தூக்கினால் அழுதது தெரிந்துவிடும். நெய்யும் வெல்லமும் தாடியெல்லாம் ஒட்டிக்கொண்டன. அம்மா ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் வை" என்றாள். நீங்கள் சாப்பிடாமல் விட்ட சர்க்கரைப் பொங்கல்களையெல்லாம் சேர்த்து நான் சாப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குரங்கு இப்போது என் எதிரே, இந்த ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தைமாசத்து ஆள், பொட்டு இல்லை, வெறும் பொம்மை. மார்கழியில் மறுபடியும் ஏறுவார். தை பிறந்ததும் தாத்தா போய்க் கேட்க வேண்டும். ஒரே வாக்கியம் பேச இனி எனக்குத் தெரியும். நொண்ட வேண்டிய அவசியமும் இல்லை, கால்தான் நல்லாகிவிட்டதே.

அங்கியை வெயிலில் காயப்போட்டு, புது அந்துருண்டை வைத்து மடித்துவிட்டேன். தாடியை மட்டும் என் மனைவி ஊறவைக்கக் கேட்டாள். கொடுக்கவில்லை. அதில் ஒட்டியிருக்கிற வெல்லம் உங்களுடையது.